படலையில் கட்டிய வேப்பிலை

ஐம்பத்தேழில் ஆசியக் காய்ச்சல் வவுனியாவுக்கும் வந்தது. முந்திய வருடக் கலவரத்தில் இலங்கையின் தெற்கே வீடும் கிளாக்கர் வேலையும் போய், நானும் மனைவி செல்லமும் மூன்று வயது மகளும் சந்தைக்குப் பின்னால் ஒரு கொட்டிலில் ஒதுங்கியிருந்தோம். எங்கள் அரிசிக் கூப்பன் தெற்கில் பதிவானது. அதை இங்கே மாற்ற அந்த ஊர் அதிகாரியான விதானையின் கையொப்பம் வேண்டும். வீட்டுக்குத் தீ வைத்தவர்களைத் தாண்டிப்போய் அதை வாங்கிவர வேண்டும் என்பது நடைமுறை. நடைமுறை முழுவதும் எனக்கு மனப்பாடம். அரிசிதான் இல்லை.

செல்லமும் மகளும் காய்ச்சலில் விழுந்தார்கள். பிள்ளையின் முகத்தில் வேர்க்குருவைக் கண்ட பக்கத்து வீட்டுப் பாக்கியமக்கா, அம்மை என்று நம்பி, எங்கள் வாசல் படலையில் வேப்பிலை கட்டிவிட்டார். அதன்பின் ஒருவரும் வரவில்லை.

"ஐயா, அங்கினையே நில்லுங்கோ. அம்மாள் இருக்கிற வீட்டுக்குச் சாமான் தரமாட்டன்" என்றார் கடைக்காரர்.

"அது வேர்க்குரு."

"படிச்ச ஆக்களுக்கு எல்லாம் வேர்க்குருதான்."

வேப்பிலையைப் பிய்க்கப் போனேன். செல்லம் பாயில் கிடந்தபடி தடுத்தாள். "இஞ்சேருங்கோ, தொடாதையுங்கோ. மெய்யாவே அவா வந்திருந்தா? கும்பிடுங்கோ."

கும்பிட்டேன். கடைசிப் பிடி அரிசியைக் காய்ச்சிக் கொடுத்தேன். தான் குடித்ததாகச் சொல்லி, அதையும் மகளுக்கே பருக்கினாள். மறுநாள் போய்விட்டாள். தூக்கவும் ஆள் வரவில்லை. மாட்டு வண்டியில் சுடலைக்குக் கொண்டுபோனேன்.

திரும்பிவந்து அந்த வேப்பிலையின் முன் விழுந்தேன். "தாயே, செல்லத்தைக் கேட்டேன், தரவில்லை. இவளையாவது விடு." விண்ணப்பிக்கும் முறை வேறெதுவும் நினைவுக்கு வரவில்லை.

அன்று பின்னேரம் முன்பின் தெரியாத ஒரு பெண் படலையில் பானையை இறக்கினார். "என்ரை பிள்ளை சுகமானா அம்மாள் இருக்கிற வீட்டிலை கஞ்சி ஊத்திறன் எண்டு நேந்தனான். இலையைக் கண்டு வாறன்."

பொய் சொல்ல மனம் வரவில்லை. "இது அம்மை இல்லை அம்மா, வேர்க்குரு."

"அதை அவா பாத்துக்கொள்ளுவா. நீங்கள் சட்டியைக் கொண்டு வாங்கோ."

வெளியே போய் அவர் சொல்லியிருக்க வேண்டும். காய்ச்சல் விடும்வரை தினமும் யாரோ ஒருவரின் நேர்த்திக் கஞ்சி வந்தது. மகள் பிழைத்தாள்.

பின்னாளில் எனக்குக் கூப்பன் வழங்கும் கந்தோரில் வேலை கிடைத்தது. கையொப்பம் இல்லையென்று எந்த அகதியையும் நான் வெறுங்கையோடு அனுப்பவில்லை. நடைமுறையில் அதற்கும் வழி இருக்கிறது, தேடினால்.

அந்தக் கஞ்சி ஒரு நாள் முந்தி வந்திருக்கக் கூடாதா என்று இன்றும் அம்மாளிடம் கேட்கிறேன். ஆனாலும் நம்புகிறேன். அம்மாளின் அடியார்களே, நீங்களும் நம்புங்கள். வேப்பிலை கட்டிய படலையைக் கண்டால் கும்பிட்டுவிட்டு விலகிப் போகாதீர்கள். உள்ளே இருப்பவர்கள் சாப்பிட்டார்களா என்று கேளுங்கள்.