ஒரு பேணிக்கு அரைக்கிற மெசின்

கலியாணம் முடிச்சு நாலு வருசம். குசினிப் பக்கம் எட்டியும் பாக்காத மனுசன். ஒருநாள் லீவிலை வந்தவர், சப்பாத்தைக் கழட்ட முன்னம், "இஞ்சேர், எனக்கொரு கோப்பி அரைக்கிற மெசின் வேணும்" எண்டார். எனக்கு அண்டைக்கே சந்தேகம் பிடிச்சிட்டுது.

அவர் ஆனையிறவு உப்பளத்திலை கிளாக்கர். இரண்டு கிழமைக்கொருக்கால் ரயிலேறி அளவெட்டிக்கு வருவார். நானும் அவரோடை போயிருக்கலாம். ஆனால் அம்மா கண்ணை மூடினபிறகு ஐயாவைப் பாக்க என்னை விட்டால் ஆளில்லை. எனக்கொரு தமையன் இருந்தவர். என்ரை கலியாணம் முடிஞ்ச கையோடை, கிறிஸ்து வேதத்திலை சேர்ந்து வேதக்காரப் பெட்டை ஒண்டை முடிச்சார். அண்டைக்கு ஐயா கிணத்தடியிலை தலை முழுகிப்போட்டு வந்து, "அவன் செத்தான். இனி உந்தப் பேரை இந்த வீட்டிலை ஆரும் எடுக்கப்படாது" எண்டார். நானும் எடுக்கேல்லை. எனக்குத் தமையன் இல்லை, அவ்வளவுதான்.

மெசின் என்னத்துக்கெண்டு கேட்டன். "உப்புக் காத்திலை தூள் கசிஞ்சு கட்டிபட்டுப் போகுது. மணமும் இல்லை. கொட்டையா வறுத்துத் தந்தியெண்டால் அப்பப்ப அரைச்சுக் குடிக்கலாம். மற்ற உப்பளங்களுக்கு அலுவலாப் போகேக்கையும் றங்குப்பெட்டிக்குள்ளை போட்டுக்கொண்டு போவன்" எண்டார். ஞாயமான கதைதான். எனக்கு அதுதான் பிடிக்கேல்லை. என்ரை மனுசன் தட்டாமல் தடக்காமல் ஒரு கதை சொல்லுறாரெண்டால், அதை ரயிலிலை வரேக்கை சொல்லிப் பாத்திருக்கிறார். இவ்வளவு காலமும் நான் உரலிலை இடிச்சுக் குடுத்த தூளைப் பேசாமல் குடிச்சவர், திடீரெண்டு மணம் பாக்கிறார்!

உத்தியோகம் பாக்கப் போன இடத்திலை இன்னொரு அடுப்பு மூட்டின ஆம்பிளையளின்ரை கதை எங்கடை பக்கத்திலை கொஞ்ச நஞ்சமே? எனக்கெண்டால் மடியிலை ஒரு குஞ்சும் இல்லை. கோயிலுக்குப் போனால் பொம்பிளையள் முதல் என்ரை வயித்தைப் பாத்துப்போட்டுத்தான் முகத்தைப் பாப்பினம். இவர் வேறையொருத்தியோடை இருந்தாலும் ஊர் இவரை ஏசாது. "பாவம், அந்த மனுசனும் என்ன செய்யிறது" எண்டுதான் சொல்லும். அந்தப் பயம் என்ரை வயித்துக்குள்ளை எப்பவும் கிடந்தது. மெசின் எண்ட உடனை எழும்பி நிண்டிட்டுது.

"நானும் கடைக்கு வாறன்" எண்டன்.

பெரியகடையிலை ஒரு சோனக முதலாளி மூண்டு மெசின் எடுத்து வைச்சார். ஒண்டு மேசை விளிம்பிலை முறுக்கிப் பூட்டிற இரும்பு மெசின். "உதைக் காவிக்கொண்டு திரியேலாது, உப்புக் காத்துக்குக் கறளும் பிடிக்கும்" எண்டு முதலாளியே தள்ளி வைச்சார். மற்றது மரப்பெட்டி. மேலை கிண்ணமும் கைபிடியும், கீழை லாச்சி. முழங்காலுக்கு நடுவிலை வைச்சுச் சுத்தினால் தூள் லாச்சிக்குள்ளை விழும். ஒருக்கால் அரைச்சால் நாலு பேருக்குக் காணும். மூண்டாவது ஒரு பித்தளைக் குழல், ஒரு சாண் உயரம். கைபிடியைக் கழட்டி உள்ளுக்கை வைக்கலாம். மக்காப் பக்கத்திலையிருந்து வந்ததாம். அரைச்சால் ஒரு பேணிக்கு மட்டும்.

அவற்றை கை நேரே பெட்டிக்குப் போச்சுது. லாச்சியை இழுத்துப் பாக்கிறார், மூடுறார், பேந்தும் இழுக்கிறார்.

"ஒராளுக்கு நாலு பேரின்ரை மெசின் என்னத்துக்கு?" எண்டன்.

"ஆரும் வந்தால் குடுக்கலாமெல்லே."

"உப்பளத்துக்கு ஆர் வாறது? கொக்கோ?"

முதலாளி சிரிச்சார். இவர் சிரிக்கேல்லை, காது ரண்டும் சிவந்துபோச்சு. ம்ம், பாத்தியே எண்டு மனதுக்குள்ளை சொன்னன். "அம்மா, பெட்டியெண்டால் லேசாச் சுத்தும். குழல் கை நோகும்" எண்டு முதலாளி தொடங்கினார். நான் குழலைத் தட்டிப் பாத்து, திருகிப் பாத்து, "பித்தளை கறள் பிடியாது, இதைத் தாங்கோ" எண்டன். கறளெண்டது சும்மா ஒரு சாட்டு. ஒரு பேணிக்கு மேலை அரைக்காத மெசினெண்டால் அங்கை இன்னொரு பேணிக்கு இடமில்லை. அதுதான் என்ரை கணக்கு. நான் கெட்டிக்காரி எண்டு என்னை நானே மெச்சிக்கொண்டு வீட்டை வந்தன்.

கொஞ்ச மாதத்தாலை லீவிலை வந்தவரின்ரை றங்குப்பெட்டிக்குள்ளை மெசின் கிடந்தது. இறுகிப்போச்சாம், கடையிலை காட்டவேணுமாம். அவர் கிணத்தடிக்குத் தோயப் போன உடனை நான் குழலைக் கழட்டினன். பல்லுக்கிடையிலை தும்பு தும்பா ஏதோ அடைச்சுக் கிடந்தது. மணந்து பாத்தன். வேர்க்கொம்பு, அதுதான் சுக்கு! ஊசியாலை கிண்ட மிளகுத் தோலும் வந்தது.

என்ரை அம்மாளாச்சி! இவருக்கு வேர்க்கொம்பைக் கண்ணிலை காட்டேலாது. தடிமன் பிடிச்சாலும் குடியார். வேர்க்கொம்பும் மிளகும் சேர்த்து எங்கடை வீடுகளிலை ஆருக்கு இடிக்கிறது? பிள்ளை பெத்தவளுக்கு. ஒரு குசினியிலையிருந்து சரக்கு இடிக்கிற அந்த மணம் வந்தால், அந்த வீட்டிலை பிள்ளை பிறந்திருக்குதெண்டு தெருவாலை போறவளும் சொல்லுவாள். அடுப்பு மட்டுமில்லை, தொட்டிலும் கட்டியாச்சு.

நான் அழேல்லை, கேக்கவுமில்லை. கேட்டால் இன்னொரு ஞாயமான கதை வரும். தும்பைத் துடைச்சுப்போட்டு மெசினைப் பூட்டி, அவருக்குச் சோறு போட்டன். ஐயாவின்ரை சாப்பாட்டுக்குப் பக்கத்து வீட்டு மாமியிட்டைச் சொல்லி வைச்சன். அவர் திரும்பிப் போற அண்டு விடியக்காலமை, நல்ல சீலை ஒண்டை உடுத்திக்கொண்டு படலையடியிலை நிண்டன்.

"எங்கை?" எண்டார்.

"உங்களோடை வாறன். நீங்கள் இருக்கிற இடத்தை நானும் ஒருக்கால் பாக்கவேண்டாமே?"

அவற்றை முகம் வெளுத்துப்போச்சு. "அங்கை வசதியில்லை... நல்ல தண்ணி கூட இல்லை."

"குடத்திலை கொண்டு வாறன்."

மல்லாகத்திலை ரயிலேறினம். "இஞ்சேர், உனக்கொரு கதை சொல்லவேணும்" எண்டு இரண்டுதரம் தொடங்கினார். "அங்கை போய்க் கதைப்பம்" எண்டு முகத்தை யன்னல் பக்கம் திருப்பினன். அவளுக்கு என்ன சொல்லுறதெண்டு எல்லாம் பாடமாக்கி வைச்சிருந்தன். பிள்ளையைப் பாக்கிறதோ விடுறதோ எண்டுதான் தெரியேல்லை. பாத்தால் மனம் தூக்கச் சொல்லும். அதை நினைக்கத்தான் கண்ணாலை தண்ணி வந்தது.

ஆனையிறவிலை இறங்கினால் உப்பு வெளிச்சம் கண்ணைத் திறக்க விடாது. குடத்தோடை அவருக்குப் பின்னாலை நடந்தன். குவாட்டேர்ஸ் வாசலை மிதிக்க முன்னம் உள்ளுக்கையிருந்து ஒரு ஆம்பிளைக் குரல், மூச்சு வாங்க வாங்க: "மச்சான், வந்திட்டியளே? மெசின் சரியே?"

மச்சானோ! இவற்றை சொந்தக்காரர் ஒருத்தரும் இந்தப் பக்கம் இல்லை. பேந்து மச்சான் எண்டு கூப்பிட ஆர்? பொஞ்சாதியின்ரை தமையன். எனக்குத் தமையன் இல்லை. அப்ப உவன் அவளின்ரை தமையன்! குடும்பமாவே குடியேறியிருக்கினம்! குடத்தை முற்றத்திலை டொங்கெண்டு வைச்சுப்போட்டு அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளுக்குப் போனன்.

வாங்குப் பலகையிலை ஒரு மனுசன், எலும்பும் தோலும். இரண்டு கையையும் முழங்காலிலை ஊண்டி மூச்சை இழுத்து இழுத்து விடுறார். என்னைக் கண்டு எழும்பப் பாத்தார், ஏலேல்லை. எனக்கு முகம் ஆரெண்டு மட்டுப்படேல்லை. அந்த இழுவைதான் மட்டுப்பட்டுது. சின்ன வயதிலை பக்கத்துப் பாயிலை இரவிரவாக் கேட்ட இழுவை. மூச்சு இழுக்கிற முட்டு வருத்தம். அம்மா வேர்க்கொம்பும் மிளகும் இடிக்க, நான் அரிதட்டிலை அரிச்சுக் குடுப்பன். அதைக் கோப்பியோடை கலந்து அண்ணைக்குக் குடுப்பா.

ஒருத்தியுமில்லை, தொட்டிலுமில்லை. மூலையிலை ஒரு பாய், ஒரு வேதப் புத்தகம்.

"அவற்றை மனுசி செத்துப்போச்சு. படிப்பிச்சுக்கொண்டிருந்த பள்ளிக்கூட வேலையும் போச்சு" எண்டார் என்ரை மனுசன் மெல்ல. "உப்புக் காத்து முட்டுக்கு நல்லதெண்டு பரியாரி ஒருத்தர் சொன்னாராம். ஸ்டேசனிலை கண்டு கூட்டிக்கொண்டு வந்தன். உனக்குச் சொன்னால் நீ ஐயாவிட்டைச் சொல்லுவாய். ஐயா எனக்கும் தலை முழுகிவிடுவார்."

"சொல்லித்தான் இருப்பன்!" எண்டு கத்தினன். "அதுக்காக? உங்களுக்கென்ன விசரே? நான் இஞ்சை ஒருத்தியைத் தேடி வந்தனான், தெரியுமே?"

"ஆரை?"

"கேக்காதேங்கோ."

அதுக்குமேலை அங்கை நிண்டால் அழுதிடுவன் எண்டு போட்டு, குசினிக்குப் போய் அடுப்பை மூட்டினன். மெசினையும் வேர்க்கொம்பையும் எடுத்துக்கொண்டு வந்து வாங்குக்குப் பக்கத்திலை நிலத்திலை இருந்து அரைக்கத் தொடங்கினன். அண்ணை மெசினைப் பாத்தார்.

"தங்கச்சி, உது ஒரு பேணிக்குத்தான் காணும். மச்சான் எனக்கு அரைச்சுத் தந்துபோட்டு, தனக்கு அரைக்க நேரமில்லாமல் வெறுந்தண்ணியோடை கந்தோருக்குப் போறார். பெட்டி மெசின் வாங்குங்கோ எண்டு சொல்லிவிட்டனான். ஆர் உந்தச் சின்னனைப் பாத்து எடுத்தது?"

நான் வாயைத் திறந்தன்.

"கடையிலை உது ஒண்டுதான் கிடந்தது" எண்டார் என்ரை மனுசன்.

தட்டாமல் தடக்காமல் சொன்னார். நான் அவரை நிமிந்து பாக்கேல்லை. கைபிடியைச் சுத்தினன். அந்த முதலாளி சொன்னது சரி, கை நொந்தது. முதற்பேணியை ஊத்தி, "இந்தாங்கோ அண்ணை" எண்டு நீட்டினன். பேந்து குழலைத் தட்டி, கொட்டையைப் போட்டு, இவருக்கெண்டு இரண்டாந்தரம் சுத்தத் தொடங்கினன்.