சகாயமேரியின் கதவும் என் சட்டப் புத்தகங்களும்

டாக்டருக்கு "எங்கே வலிக்குது?" என்று ஆரம்பிக்கும் பாக்கியம் உண்டு, குடும்ப வழக்கு நடத்தும் வக்கீலோ "நீங்க எந்த மதம்?" என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். செங்கல்பட்டு கோர்ட் வராண்டாவில் கால் கடுக்க நின்று, கடைசியில் வாய்தா வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிய என் சக ஜீவன்களே, உங்களுக்கு இது புதிதில்லை. இந்துவுக்கு ஒரு கல்யாணச் சட்டம், முஸ்லிமுக்கு ஒன்று, கிறிஸ்தவருக்கு ஒன்று. தொண்ணூறுகளில் கருப்பு கவுனை மாட்டிக்கொண்டு நான் தாம்பரத்திலிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறியபோது, எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டதாக ஒரு நினைப்பு இருந்தது. கோவளத்துப் பெண்கள் இரண்டு பேர் அந்த நினைப்பைக் கழற்றி வைத்தார்கள்.

ஒரே பஸ்ஸில் வந்தவர்கள்

சகாயமேரி கத்தோலிக்கப் பெண். கடற்கரை ஓட்டல் ஒன்றில் துணி வெளுக்கும் வேலை. புருஷன் காசிமேட்டில் மீன்பிடி போட்டுக்குப் போகிறவன். நினைத்தபோது வருவான், கதவை உடைக்கிற மாதிரி தட்டுவான், அடிப்பான், போய்விடுவான். கூடத் துணைக்கு வந்த மும்தாஜ் பக்கத்து வீடு. அவளுக்கும் அப்படி ஒரு புருஷன் இருந்தான். ஜமாத்தில் உட்கார்ந்து பேசி, மனைவி கேட்டு வாங்கும் 'குலா' முறையில் பிரிந்துவிட்டாள். அவன் ஒத்துக்கொண்டதால் நடந்தது. முரண்டு பிடித்திருந்தால் அவளும் என் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பாள்.

நான் விளக்கினேன். கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டம் வெள்ளைக்காரன் போட்டது. புருஷன் அடித்தான் என்பது மட்டும் போதாது, அவனுக்கு வேறு பெண்ணோடு தொடுப்பு இருந்தது என்றும் மனைவி நிரூபிக்க வேண்டும். அதுவே அவன் வழக்குப் போட்டால், இவளுக்குத் தொடுப்பு என்று காட்டினாலே முடிந்தது. சகாயமேரி தன் கை வீக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மும்தாஜ்தான் கேட்டாள்: "இன்னாக்கா இது, ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் அடி வாங்கினோம். பஸ்ஸுல கூட ஒரே சீட்டுலதான் குந்திகினு வந்தோம்."

சீனியரின் யோசனை

என் சீனியர் கெட்டவரில்லை. கோர்ட்டுக்குள் கிடந்து கிடந்து, எந்தப் பூட்டுக்கும் கள்ளச்சாவி உண்டு என்று நம்பிவிட்டவர். "காசிமேட்டுல ஒரு பொம்பளையோட இருக்கான்னு ரெண்டு வரி சேர்த்து எழுதும்மா. அவன் கோர்ட்டுக்கே வரமாட்டான். யாரு மறுக்கப் போறா?" என்றார். அந்த நாளில் பல வழக்குகள் அப்படித்தான் தப்பித்தன. நியாயமான கஷ்டத்துக்குப் பொய்யான காரணம் எழுதினால்தான் சட்டம் அசையும் என்றால், அந்தச் சட்டத்தை என்னவென்று சொல்வது? எனக்கு எரிச்சலாக வந்தது.

சகாயமேரி முடியாது என்றாள். பைபிள் மேல் கை வைத்துப் பொய் சொல்லப் பயமா என்று சீனியர் கேட்டார். அவள் கண் கீழே தாழவில்லை. "பயந்தான் சார். ஆனா அது மட்டும் இல்ல. அவன் குடிப்பான், அடிப்பான், அந்தத் தப்பு மட்டும் அவன்கிட்ட கெடயாது. இல்லாத ஒரு பொம்பளைய நான் எழுதினா, ஊரு சும்மா இருக்குமா? யாரோ ஒருத்திய அதுல கொண்டு போய் நிறுத்தும். அவளுக்கும் ஒரு வூடு கீதில்ல?"

டைப்பிஸ்ட் நடத்திய கல்யாணம்

விவாகரத்துக்கு வழியில்லை. 'நீதிமன்றப் பிரிவு' கேட்கலாம், அதற்கு அடி போதும். ஆனால் அதில் புருஷன், பெண்டாட்டி என்ற பேர் அறாது. சரி, அதையாவது வாங்குவோம் என்று மனு போட்டோம். எங்கள் டைப்பிஸ்ட் கை, இந்து கல்யாண மனு அடித்து அடித்துப் பழகிய கை. அதுபாட்டுக்கு ஓடிவிட்டது. ஜட்ஜ் ஐயா மனுவைப் புரட்டினார். கோவளம் மாதா கோயிலில், பாதிரியார் முன்னிலையில், அக்கினி சாட்சியாக ஏழு அடி எடுத்து வைத்துத் திருமணம் நடந்ததாக எழுதியிருந்தது. கோர்ட்டே சிரித்தது. நான் பூமிக்குள் போய்விடலாமா என்று பார்த்தேன்.

ஜட்ஜ் சிரிக்கவில்லை. கூண்டில் நின்றவளின் வீங்கிய கையைப் பார்த்தார். பிறகு மனுவை என் பக்கம் நீட்டிச் சொன்னார்: "எந்த முறைப்படி கட்டினாலும் அடி ஒரே மாதிரிதான் விழுது போல. திருத்திக் கொண்டு வாங்கம்மா."

டீ ஆறிய விவாதம்

பிரிவு உத்தரவு கிடைத்தது. அவன் வருவது நிற்கவில்லை. "பிரிச்சாலும் நான்தானே புருசன்" என்று தட்டினான். போலீஸில் புகார் சொல்லப் போனால், "புருஷன்தானேம்மா, அனுசரிச்சுப் போ" என்று திருப்பி அனுப்பினார்கள். அதைச் சொல்ல இருவரும் வந்த நாளில் வக்கீல்கள் அறையில் பொது சிவில் சட்டம் பற்றி ரகளை. நாட்டுக்கு ஒரே சட்டம் வேண்டும் என்று ஒரு கட்சி. அவரவர் மதத்தில் கை வைக்கக் கூடாது என்று ஒரு கட்சி. நானும் சும்மா இல்லை, மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மும்தாஜுக்கு முகம் இறுகியிருந்தது. தன்னைக் காப்பாற்றிய குலாவைப் பிடுங்கிவிடுவார்களோ என்று பயம்.

வெளியே வந்த என்னிடம் சகாயமேரி ஒரு கேள்வி கேட்டாள். எந்த மேடையில் யார் இதைப் பற்றிப் பேசினாலும் அவள் குரல்தான் காதில் விழுகிறது. "எல்லாருக்கும் ஒரே சட்டம்னா, மும்தாஜுக்குக் கெடச்சத எனக்கும் குடுப்பாங்களாக்கா, இல்ல எனக்குக் கெடைக்காதத அவளுக்கும் இல்லன்னுடுவாங்களா?"

யாரு?

2001-ல் சட்டம் மாறியது. இனி கொடுமை என்ற ஒன்றே போதும், கிறிஸ்தவப் பெண்ணும் விவாகரத்து வாங்கலாம். செய்தி தெரிந்த அன்று சாயங்காலமே மும்தாஜின் பக்கத்துக் கடைக்கு போன் போட்டேன். புது மனுவில் ஒரு பொய் வரி இல்லை. அக்கினியும் இல்லை, நானே மூன்று முறை படித்துப் பார்த்தேன். தீர்ப்பு வந்தது. ஒரு பெண் பொய் சொல்ல மறுத்து இத்தனை வருஷம் அடி வாங்கிக்கொண்டே காத்திருக்க, சட்டம் மெள்ள நடந்து வந்து அவள் நின்ற இடத்தைத் தொட்டிருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கோயிலில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். சகாயமேரி தீர்ப்பு நகலை மடித்து மும்தாஜின் பைக்குள் வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஃபாதர கேட்டேன். கோயில் கணக்குல நான் இன்னும் அவன் பொண்டாட்டிதானாம். இருக்கட்டும்க்கா, அத நான் மாதாகிட்ட பேசிக்கிறேன். இனிமே அவன் வந்து கதவத் தட்டினா, உள்ள இருந்தே 'யாரு?'ன்னு கேக்கலாம் இல்ல?"

அதற்கப்புறம் என்னிடம் வரும் பெண்களிடம் மதத்தை இரண்டாவதாகத்தான் கேட்கிறேன், முதலில் கேட்பது "வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் சரியா இருக்கா?" என்றுதான்.