பக்கத்து சீட்டில் ஆறு வாரம்

முப்பத்தோரு வருஷம் நான் அரசு ஜீப் ஓட்டினேன். கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகிற அதிகாரிகளை ஏற்றிக்கொண்டு போவதுதான் என் வேலை. கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கினால், வெள்ளிமலை வரைக்கும் எந்த வளைவில் ஹாரன் அடிக்க வேண்டும், மழை பெய்த மறுநாள் எங்கே கல் உருண்டு கிடக்கும் என்பதெல்லாம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். தார் ரோடு சரியாக இல்லாத காலத்திலேயே அந்த மலையில் ஏறி இறங்கியவன். மாற்றலாகி வருகிற அதிகாரிகளெல்லாம், "மலைக்குன்னா அவரையே அனுப்புங்க" என்பார்கள். பெரிய படிப்போ சொத்தோ எனக்கு இல்லை. இருந்த பெருமை அது ஒன்றுதான்.

என் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொண்டது ஐம்பத்து மூன்றாவது வயதில். அவள் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். மொபெட்டில் ஊர் ஊராகப் பள்ளிக்கூடங்களுக்குப் போய் வந்தவள். நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு பழைய கார் வாங்கினோம். அதே வருஷம் எனக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். கொஞ்ச நாளைக்கு வண்டியைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். கார் வீட்டு வாசலில் சும்மா நிற்பதைப் பார்த்துப் பார்த்து, என்னைக் கேட்காமலே அவள் போய் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டாள். எனக்குச் சிரிப்பாக இருந்தது. கட்டு பிரித்த பிறகு நானும் பக்கத்தில் உட்கார்ந்து சங்கராபுரம் ரோட்டில் ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். "இது வெண்டக்கா நறுக்குற வேல இல்ல, கிளச்ச மெதுவா வுடு" என்று வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. மலைக்கு மட்டும் ஓட்டக்கூடாது என்று சொல்லி வைத்தேன். அதற்கும் சரி என்றாள்.

அமெரிக்காவில் வேலை பார்க்கிற எங்கள் மகள் எங்களை ஆறு வாரத்துக்கு வரச் சொன்னபோது, இரண்டு பேருமே வெளிநாட்டில் ஓட்டுவதற்கான அனுமதி வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றாள். வாங்கினோம். என் மனைவிக்கு வாங்கியது வீண் என்று எனக்கு நினைப்பு.

மகள் இருந்தது மேற்குப் பக்கம் ஒரு மலையடிவார ஊர். சுற்றிலும் அருவி, ஏரி, பழத்தோட்டம். பகல் முழுக்க அவளுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை. கார் சும்மாதான் நிற்கும், நீங்களே எடுத்துக்கொண்டு போய்ச் சுற்றிப் பாருங்கள் என்பது அவள் திட்டம். முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில், இன்னும் திறக்காத ஒரு பெரிய கடையின் காலி மைதானத்துக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள்.

"அப்பா, நீங்க மொதல்ல."

நான் நேராகப் போய் வலது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். எதிரே ஸ்டீயரிங் இல்லை. மகளும் மனைவியும் வெளியே நின்று சிரித்தார்கள். இறங்கிச் சுற்றிப் போய் உட்கார்ந்தேன். இண்டிகேட்டர் போடுவதாக நினைத்து வலது பக்கக் குச்சியைத் தட்டினேன். காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கிறீச் கிறீச்சென்று ஓடியது. கியர் மாற்ற இடது கையை நீட்டினால் கை கதவில் போய் இடித்தது. அந்த வண்டியில் கிளச்சே கிடையாது. ஆனால் என் இடது காலுக்கு அது புரியவில்லை. பழைய பழக்கத்தில் ஓங்கி மிதித்தது. மிதிபட்டது பிரேக். மூன்று பேரும் முன்னால் போய் பெல்ட்டில் தொங்கினோம்.

ஒரு மணி நேரம் கழித்து ரோட்டுக்கு வந்தேன். முதல் முனையில் இடது பக்கம் திரும்பினேன், திரும்பியதும் ரோட்டின் இடது பக்கத்திலேயே போனேன். மகள் எட்டி ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா! ரைட்டுல போங்கப்பா, ரைட்டு!"

ஓரத்தில் நிறுத்தினேன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "இன்னும் ரெண்டு நாள் போவட்டும்பா, பழகிடும்" என்றாள் மகள். ஒரு குழந்தையிடம் பேசுகிற குரல்.

பின் சீட்டிலிருந்து என் மனைவி, "நான் ஒரு ரவுண்டு பாக்கட்டா?" என்றாள்.

அவள் ஓட்டினாள். அவளுக்கு எப்போதும் கிளச்சோடுதான் சண்டை. அது இல்லாத வண்டி அவளுக்கு மொபெட் மாதிரி ஆகிவிட்டது. முனை முனையாகச் சரியாகத் திரும்பினாள். 'ஸ்டாப்' என்று சிவப்புப் பலகை வைத்த இடங்களில், ஆள் அரவமே இல்லாவிட்டாலும், முழுதாக நின்று போனாள். மகளுக்கு ஆச்சரியம்.

"எப்டிம்மா?"

"நம்மூர்ல டிரைவர் எந்தப் பக்கம் இருப்பாரு? நடுக்கோட்டுப் பக்கம். இங்கயும் டிரைவர் நடுக்கோட்டுப் பக்கந்தான். நான் கோட்டுகிட்ட இருக்கனா, அத மட்டும் பாத்துக்கினேன்."

முப்பத்தோரு வருஷத்தில் எனக்குத் தோன்றாத விஷயம். மகள் கைதட்டினாள். நானும் சிரித்தேன். உள்ளே ஏதோ சுருண்டு படுத்தது. அதற்குப் பெயர் பொறாமை என்று ஒப்புக்கொள்ள எனக்கு வெகு நாள் ஆனது.

மறுநாளிலிருந்து சாவி அவள் கைக்குப் போனது. தினமும் காலையில் புளிச்சோறு கட்டிக்கொண்டு இரண்டு பேரும் கிளம்புவோம். ஏரிக்குப் போனோம். பனி மூடிய சிகரம் தெரிகிற மேட்டுக்குப் போனோம். செர்ரித் தோட்டத்தில் நாமே பறித்துச் சாப்பிடலாம் என்றார்கள், பறித்தோம். எதையும் நான் முழு மனசோடு பார்க்கவில்லை. என் வலது கால் எப்போதும் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது. வளைவு வந்தால் என் கை தானாக ஹாரனைத் தேடியது. அந்த ஊரில் யாருமே ஹாரன் அடிப்பதில்லை.

குறை சொல்வது ஒன்றுதான் எனக்கு மிச்சமிருந்தது. "இன்னா இவ்ளோ மெதுவா போற?" என்பேன். வேகமாகப் போனால், "இன்னா அவசரம்?" என்பேன். பெரிய அருவி ஒன்றைக் காட்டி, "எவ்ளோ ஒசரம் பாருங்க" என்று அவள் வாயைப் பிளந்தபோது, "நம்ம கல்வராயன் மலை மேகம் அருவிக்கு இது கால் தூசி" என்றேன். அது பொய். அந்த அருவியைப் பார்த்தபோது எனக்கும் உடம்பு சிலிர்த்தது.

அவள் தனக்குத் தெரிந்த நாலு இங்கிலீஷ் வார்த்தையை வைத்துக்கொண்டு எல்லோரிடமும் பேசினாள். அருவிக்குப் பக்கத்தில் காவல் இருந்த ஒரு பெண், "நீங்களா ஓட்டி வந்தீர்கள்?" என்று கேட்டு அவளுக்கு ஒரு வரைபடம் கொடுத்தாள். என்னைப் பார்த்து வெறுமனே தலையாட்டினாள். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி என் மனைவி இருக்கிற போட்டோவை மகள் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். ஒரே பாராட்டு. எலவனாசூர்கோட்டையில் இருக்கிற என் மச்சான் மட்டும் எனக்கென்று தனியாக ஒரு வரி எழுதினான்: "மாமா, அக்காகிட்ட கிளீனர் வேலைக்குச் சேந்துட்டீங்களா?" விளையாட்டாகத்தான் எழுதினான். இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

நான்காவது வாரத்தில் நடந்ததுதான் நான் சொல்ல வந்தது.

மலைமேல் ஓர் ஏரிக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் ஒரு பழக்கடையில் நிறுத்தி பீச் பழம் வாங்கினாள். கடைக்காரர் அவளுடைய சேலையைப் பற்றி ஏதோ சொல்ல, அவள் சிரித்துக்கொண்டே வண்டியில் ஏறினாள். அந்தச் சிரிப்போடு, கடை வாசலிலிருந்து இடது பக்கம் திரும்பி ரோட்டில் ஏறினாள். ரோடு காலி. முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை. பார்த்து நினைவுபடுத்திக்கொள்ள எதுவும் இல்லாததால், நம் ஊர்ப் பழக்கத்தில் ரோட்டின் இடது பக்கத்திலேயே போகத் தொடங்கினாள்.

நான் அந்த நொடியே பார்த்துவிட்டேன். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை.

கொஞ்சம் போகட்டும், அவளாகவே பார்த்துத் திடுக்கிடட்டும், அப்போது தெரியும் யார் டிரைவர் என்று. இந்த நினைப்பு வார்த்தை வார்த்தையாக என் மனசில் ஓடியது. எனக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது, அதையும் மறைக்கக்கூடாது. பீச் பழம் என்ன வாசனையாக இருக்கிறது என்று அவள் பேசிக்கொண்டே போனாள். எதிரே ஒரு வளைவு வந்தது. வளைவில் மரக்கட்டை ஏற்றிய லாரி ஒன்றின் மூஞ்சி தெரிந்தது.

"ரைட்டுல ஒடி! ஒடி!"

ஸ்டீயரிங்கை வலது பக்கம் ஒடித்தாள். லாரி நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டே எங்களை உரசுகிற மாதிரி கடந்து போனது. கார் எதிர் ஓரத்துச் சரளையில் இறங்கி, இழுத்துக்கொண்டு போய் நின்றது. பழமெல்லாம் காலடியில் உருண்டது. அவள் ஸ்டீயரிங்கை விடவில்லை.

"நீங்க கத்தலன்னா போயிருப்போம்ங்க" என்றாள். பிறகு, "எனக்கு முடியல. நீங்க எடுங்க" என்றாள்.

மிச்ச தூரம் நான்தான் ஓட்டினேன், மாட்டு வண்டி வேகத்தில். ஒவ்வொரு திருப்பத்திலும் பக்கத்திலிருந்து அவள், "கோட்டுப் பக்கம் இருங்க, கோட்டுப் பக்கம்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் சொன்னதால்தான் ஒழுங்காக வந்து சேர்ந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம், "உங்கப்பா இல்லன்னா நாங்க இல்ல" என்றாள். மகள் என் தோளைக் கட்டிக்கொண்டு, "எக்ஸ்பீரியன்ஸ்னா சும்மாவாப்பா" என்றாள். நான் ஏங்கிக்கிடந்த பாராட்டு அதுதான். அது கிடைத்ததும், அவள் கையை மெல்ல விலக்கிவிட்டு, காருக்குள் சிதறிக் கிடந்த பழத்தைப் பொறுக்கப் போனேன்.

கள்ளக்குறிச்சிக்கு வந்த பிறகும் அவள் விடவில்லை. பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் சாக்லெட் கொடுத்துவிட்டு லாரிக் கதையை ஆரம்பித்துவிடுவாள். "இவுரு கண்ணு மட்டும் டக்குனு பாக்கலன்னா..." என்பாள். மச்சான்கூட என் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிக்குங்க மாமா, கிண்டல் பண்ணிட்டேன்" என்றான். நான் டீ டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இரண்டு மாதம் கழித்து என் மனைவியோடு சத்துணவில் வேலை பார்த்த ஒரு சமையலம்மா வெள்ளிமலையில் புது வீடு கட்டிக் கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டிருந்தாள். "மலைக்கு நான் ஓட்டட்டா?" என்று கேட்டாள். முடியாது என்று சொல்ல எனக்கு இனி என்ன யோக்கியதை? சரி என்றேன்.

நன்றாகவே ஏறினாள். வளைவுக்கு முன்னால் ஹாரன் அடித்தாள். மேலேயிருந்து வந்த பஸ்ஸுக்கு, அகலமான இடம் பார்த்து முன்கூட்டியே ஒதுங்கினாள். பஸ் டிரைவர் கையைத் தூக்கி அவளுக்கு வணக்கம் வைத்துவிட்டுப் போனார். அந்த வணக்கம் என்னுடையது என்று என் நெஞ்சு சொன்னது. இந்த வளைவெல்லாம் என்னுடையது. அமெரிக்காவில் சுருண்டு படுத்திருந்தது மறுபடியும் எழுந்து உட்கார்ந்தது. அடுத்த வளைவில் அவளிடம் எதையாவது சொல்லாமல் இருந்துவிடுவேனோ என்று எனக்கே என்மேல் பயம் வந்துவிட்டது.

"ஓரமா நிறுத்து" என்றேன். நிறுத்தினாள். சொன்னேன். அந்தப் பழக்கடை வாசலிலேயே பார்த்துவிட்டேன், வேண்டுமென்றே பேசாமல் இருந்தேன் என்று முழுவதையும் சொன்னேன்.

அவள் இஞ்சினை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எவ்ளோ நேரம் சும்மா இருந்தீங்க?"

"நாலஞ்சு எண்ணுற நேரம் இருக்கும்."

"கம்மியா சொல்றீங்களா?"

"கொஞ்சம் ஜாஸ்தியாவும் இருக்கலாம்."

"நீங்களுந்தான வண்டில இருந்தீங்க?"

"ஆமா."

"லாரி ஓட்டினவனுக்கு ஒன்னு ஆயிருந்தா? அவன் வூட்ல இன்னா சொல்லுவாங்க?"

அவனை நான் ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை. நானும் ஒரு டிரைவர்தான்.

அவள் வண்டியை எடுத்தாள். கிரகப்பிரவேச வீட்டில் பெண்கள் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாள், எல்லோரிடமும் சிரித்துப் பேசினாள். கிளம்பும்போது நான் முன் கதவைத் திறந்தேன். "பின்னால ஒக்காருங்க" என்றாள். "பாத்தும் சொல்லாதவரு பக்கத்துல எதுக்கு?" மலையடிவாரம் வரைக்கும் அவள் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். என் ஜீப்பில் அதிகாரிகள் உட்கார்ந்து வந்த இடம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவள் லாரிக் கதையைச் சொல்வதில்லை. சங்கராபுரத்தில் ஒரு கல்யாணத்தில் யாரோ ஞாபகமாகக் கேட்டபோது, "அதெல்லாம் ஒன்னும் பெருசா இல்ல, தப்பிச்சிட்டோம்" என்று பேச்சை மாற்றிவிட்டாள். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. பொய்யாகப் புகழவும் இல்லை.

ஒரு மாதத்துக்கு மேல் பின் சீட்டில்தான் போனேன். பிறகு ஒருநாள், மார்க்கெட் சந்துக்குள் வண்டி மாட்டிக்கொண்டபோது, திரும்பிப் பார்க்காமலே, "முன்னால வாங்க, அந்தப் பக்கம் சாக்கடை எவ்ளோ கிட்ட இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க" என்றாள். வந்து உட்கார்ந்தேன். அங்கேயே இருக்கிறேன்.

பொறாமை போய்விட்டதா என்றால், போகவில்லை. சந்துக்குள் அவள் லாவகமாக ரிவர்ஸ் எடுக்கும்போது இப்போதும் உள்ளே ஏதோ கடிக்கிறது. ஆனால் கண்ணில் படுவதையெல்லாம் உடனே சொல்லிவிடுகிறேன். சைக்கிள் வருது. கரும்பு டிராக்டர் நிக்குது. மாடு திரும்புது.

"தெரியுது, தெரியுது, நானும் பாத்துக்கினுதான் இருக்கேன்" என்று எரிந்து விழுகிறாள். நான் நிறுத்துவதில்லை.