பாரம்பரிய இல்லம் எண் ஏழின் பச்சை வாளி

வடசென்னையில் கல்மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தில் காத்தூன் பீவியைத் தெரியாதவர்கள் கிடையாது. பத்தொன்பது வயதில் கல்யாணமாகி அந்தப் பழைய வீட்டுக்கு வந்தவர். ஹார்பரில் கிரேன் ஓட்டிய கணவர் இறந்த பிறகு, கூடத்தில் தையல் மெஷினைப் போட்டு, வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடை ஒன்றுக்கு உள்பாவாடை தைத்துக் கொடுக்கிறார். மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. இப்போது அவருக்குச் சொந்தம் என்று இருப்பவை மூன்று. மெஷின், வீடு, வீட்டின் ஒழுகல்.

ஒழுகல் கூடத்தின் நடுவில், மெஷினுக்கு இரண்டடி தள்ளி. அதன் கீழே எப்போதும் ஒரு பச்சை பிளாஸ்டிக் வாளி நிற்கும். போன மழையில் வாளி நிரம்பி வழிந்து ஒரு கட்டுத் துணி கறையானது. கடை மேலாளர் மதார் சாகிப் நல்ல மனுஷர்தான், ஆனாலும் சொல்லிவிட்டார்: "பீவி, இன்னொரு தபா கறையோட வந்துச்சுன்னா துணி வேற ஆளுக்குப் போய்டும். அப்பறம் என்னாண்ட வருத்தப்படக் கூடாது."

அதனால் காத்தூன் பீவி மேஸ்திரி கோதண்டத்தைக் கூப்பிட்டார். அவர் மேலே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"அந்த மூலைய மட்டும் ஒடச்சி சிமென்ட்டு போட்டா ரெண்டே நாளு வேலைக்கா. அப்பால நீ பாட்டுக்கு தச்சிகினு கீலாம்."

ஞாயிற்றுக்கிழமை வேலை என்று முடிவானது. சனிக்கிழமை மரபு வந்துவிட்டது, ஒரு மன்றத்தின் உருவில்.

மன்றத்தின் பெயர் 'வடசென்னை மரபுக் காவல் மன்றம்'. அலுவலகம் அடையாறில். வடசென்னையைத் தூரத்திலிருந்து காப்பதுதான் உடம்புக்கு நல்லது என்று நினைத்திருக்கலாம். செயலாளர் அன்பரசன், பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"அம்மா, இது வெறும் கூரை இல்லை. மெட்ராஸ் டெரஸ்! தேக்கு உத்திரம், செங்கல், சுண்ணாம்பு. நூற்று ஐம்பது வருடம்!"

"அப்டியா சார்? ஒழுகுது."

"சிமென்ட் மட்டும் வைத்துவிடாதீர்கள். சுண்ணாம்பு மூச்சு விட முடியாமல் செத்துப்போகும்."

"இப்ப நல்லா மூச்சு வுட்டுகினுதான் கீது சார்," என்றார் கோதண்டம். "அதான் ஒழுகுது."

அன்பரசன் சிரிக்கவில்லை. மழைக்கு முன்னால் மன்றத்தின் நிபுணரே வந்து பழைய முறைப்படி கூரையைச் சரிசெய்வார், இலவசமாக, என்றார். பதிலுக்கு, மன்றத்தைக் கேட்காமல் கூரையில் கை வைப்பதில்லை என்று ஒரு தாளில் கையெழுத்து. காத்தூன் பீவி போட்டார். ஒரு பொன்னாடையும் போர்த்தினார்கள். வாழ்க்கையில் அவருக்குக் கிடைத்த முதல் பொன்னாடை. எதற்கு என்று கடைசிவரை புரியவில்லை.

நிபுணருக்கு முன்னால் பித்தளைப் பலகை வந்தது. 'பாரம்பரிய இல்லம் எண் 7'. அதை மாட்ட வாசல் சுவரில் டிரில் போட்டார்கள். நூற்று ஐம்பது வருடமாகக் கன்டெய்னர் லாரிகளையும் புயலையும் தாங்கிய சுவர், மன்றத்தின் நாலு ஸ்க்ரூவைத் தாங்கவில்லை. காரை பெயர்ந்தது. ஒழுகல் இரண்டானது.

காத்தூன் பீவி போன் செய்தார். நிபுணர் இத்தாலியில் இருந்தார். அடுத்த மாதம் செய்தார். நிபுணர் கருத்தரங்கில் இருந்தார். தலைப்பு என்ன என்று கேட்டார். 'பழைய கூரைகளின் எதிர்காலம்' என்றார்கள். ஒரு மழைக்காலம் முழுக்க அவர் மெஷினை மூலைக்கு மூலை தள்ளிக்கொண்டே தைத்தார். சிமென்ட் வைக்கவில்லை. கையெழுத்து போட்டது போட்டதுதான் என்பது அவருடைய கணக்கு. அந்தத் தாளில் மன்றமும் கையெழுத்து போட்டிருந்ததை மன்றம் மறந்திருந்தது.

பதினான்கு மாதம் கழித்து, ஆகஸ்டில், மரபு வாரம் வந்தது. முப்பது பேர், ஒரே நிறத் தொப்பி, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். வாசலில் இருபதடி அகலத்தில் ஃப்ளெக்ஸ் பேனர். அதில் வீட்டின் படம் தீப்பெட்டி அளவு, மன்றத் தலைவர் யசோதரா அம்மையாரின் முகம் வீட்டு அளவு.

உள்ளே வந்த தொண்டர்கள் முதலில் பார்த்தது வாளியை.

"ஆன்ட்டி, பிளாஸ்டிக் போட்டோல வந்தா மரபு ஃபீல் போயிடும்."

வாளி வெளியேறியது. அதற்குப் பதில் மன்றம் கொண்டுவந்த பித்தளை அண்டா உள்ளே வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் அழகாக இருக்கும் என்று அங்கே வைத்தார்கள். ஒழுகல் இருந்த இடத்தில் வெளிச்சம் இல்லை.

காத்தூன் பீவி அருகில் தைத்து முடித்த ஆறு டஜன் பாவாடை கட்டாக இருந்தது. மறுநாள் காலை கடைக்குப் போக வேண்டிய சரக்கு. தள்ளி வைக்கப் போனார். "அப்படியே இருக்கட்டும்மா, உழைப்பின் அடையாளம்," என்றார் அன்பரசன்.

தலைவர் கூடத்தின் நடுவில் நின்று பேசினார். "இந்தக் கூரை எத்தனை மழையைப் பார்த்திருக்கும்!" என்றார். கூரைக்கு அது காதில் விழுந்திருக்க வேண்டும். அடுத்த ஐந்தாவது நிமிடம் மழை கொட்டியது. வாசலில் நின்ற தொப்பிகளும் கூடத்துக்குள் ஓடிவந்தன. செம்மண் நிறத்தில் தண்ணீர் முதலில் தலைவரின் பட்டுச் சேலையிலும், அப்புறம் பாவாடைக் கட்டிலும் விழுந்தது.

காத்தூன் பீவி பீரோவைத் திறந்து, கைக்குக் கிடைத்ததை எடுத்துக் கட்டின் மேல் போர்த்தினார். பொன்னாடை. நாலு டஜன் தப்பியது. இரண்டு டஜன் போனது.

மழை கொஞ்சம் விட்டதும் தொப்பிகள் வேனில் ஏறிப் பறந்தன. வானம் இன்னும் கருத்தே இருந்தது. கறையான இரண்டு டஜனையும் அலசிக் காயவைத்து விடியும் முன் இஸ்திரி போட்டாக வேண்டும். இன்னொரு மழை உள்ளே இறங்கினால் மீதியும் போகும், கடையும் போகும். வேடிக்கை பார்க்க வந்த கோதண்டத்தைத் திரும்பிப் பார்த்தார். வாசலில் பேனர் சிரித்துக்கொண்டிருந்தது.

"கோதண்டம், அத்த அவுத்துடு."

"எத்தக்கா? தலைவரையா?"

"அவங்களத்தான். மேல ஏத்து."

இரண்டு பேரும் இழுத்துக் கட்டினார்கள். கோதண்டத்துக்கு ஒரு சந்தேகம். "மூஞ்சி மேல பாக்கட்டுமா, கீழ பாக்கட்டுமாக்கா?"

"மேலயே பாக்கட்டும். மழ வருதான்னு பாத்து சொல்லட்டும்."

பாவாடை மறுநாள் கடைக்குப் போனது. மதார் சாகிப் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அடுத்த கட்டுத் துணியை எடுத்துக் கொடுத்தார்.

ஒரு வாரம் கழித்து அன்பரசன் மூச்சிரைக்க வந்தார். "மரபுச் சின்னத்தின் மேல் பிளாஸ்டிக்கா! கையெழுத்து போட்டீர்களே அம்மா!"

"சிமென்ட்டு வெக்காதன்னீங்க, வெக்கல. உங்க தலைவரத்தான் வெச்சிகீறேன். வோணான்னா நீங்களே ஏறி எறக்குங்க சார்."

அன்பரசன் ஏறவில்லை. டிரோன் வரவழைத்து, கூரையைப் படம் பிடித்து, ஆதாரத்தோடு தலைவருக்குப் புகார் அனுப்பினார். காத்தூன் பீவிக்கு அன்று முழுக்கக் கை ஓடவில்லை. பேனரைப் பிடுங்கிக்கொண்டு போனால் ஐப்பசி மழைக்கு என்ன செய்வது?

பதினான்கு மாதமாகக் கூரைக்கு ஒரு வழியும் சொல்லாத மன்றம் மறுநாளே பதில் போட்டது. ஆகாயத்திலிருந்து தன் முகம் தெரிவதைத் தலைவர் பார்த்திருக்கிறார். ஒரே ஒரு குறைதான். இடது கன்னம் கைப்பிடிச் சுவர் ஓரத்தில் மடிந்திருந்தது. கூரை முழுவதையும் மூடும் அளவில் புது பேனர் அடித்து, நல்ல கெட்டி ஃப்ளெக்ஸில், அன்பரசன் கையிலேயே கொடுத்து அனுப்பினார். 'பாரம்பரியம் காப்போம்' என்று கீழே எழுதியிருந்தது. சுருக்கம் விழாமல் கட்டச் சொன்னாராம்.

கோதண்டம் ஒரு சுருக்கம் இல்லாமல் கட்டினார்.

நிபுணர் இன்னும் வரவில்லை. ஐப்பசி வந்தது, மூன்று நாள் விடாமல் பெய்தது. காத்தூன் பீவி கூடத்தின் நடுவிலேயே மெஷினைப் போட்டுத் தைத்தார். மூன்றாம் நாள் சாயங்காலம், காய்ந்து கிடந்த பச்சை வாளியைத் தூக்கிக்கொண்டு போய்க் குளியலறையில் வைத்தார்.