சரளைக்கு மேல் நின்ற கோடு

என் மேசைமேல் கிடக்கும் கண்ணாடிப் பலகை என்னோடு சேர்ந்து கிழடாகிப்போனது. அதன் குறுக்கே ஒரு செம்மண் கோடு ஓடுகிறது. சோப்பு போட்டுத் தேய்த்தாயிற்று, மண்ணெண்ணெய் தடவியாயிற்று, போகவில்லை. புதுக் கண்ணாடி வாங்கித் தருவதாகச் சொல்லிச் சொல்லி மருமகள் அலுத்துவிட்டாள். அது ஒருகாலத்தில் என் மேலதிகாரியாக இருந்த ஓவர்சியர் செய்யச் சொன்ன பெட்டியின் கண்ணாடி.

ஐம்பதுகளில் வேப்பனப்பள்ளிப் பக்கம் ஓர் ஏரிக்கரையை உயர்த்தும் வேலை நடந்தது. நான் அங்கே கட்டுமான வரைபடம் போடுபவன். ஓவர்சியர் எனக்கு மேலே. கரைக்காக மண் வெட்டியெடுத்த பள்ளத்தில், செங்குத்தாக நின்ற மண்சுவரை ஒட்டி வேலையாட்கள் குடிசை போட்டிருந்தார்கள். சுவரின் மேல்பாதி செம்மண், கீழ்ப்பாதி ஆள் உயரத்துக்குச் சரளை. காற்றுக்கு நல்ல மறைப்பு. குடிசை போடுமுன் அவர்களுடைய மேஸ்திரி அந்த இடத்தில் ஒரு பிடி மண் எடுத்துப் பிசைந்து பார்ப்பார். ஒட்டாமல் உதிர்ந்தால் ஈரமில்லாத இடம், குடியிருக்கலாம். அவர்களுக்கு அதுதான் வாஸ்து. அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தும் சரளை கையில் பிசைந்தால் உதிர்ந்துகொண்டேதான் இருந்தது. எல்லோருக்கும் அது நிம்மதி. ஓவர்சியருக்கு மட்டும் அதுவே தூக்கத்தைக் கெடுத்தது. "இவ்வளவு மழையும் எங்கய்யா போச்சு?" என்று என்னையே கேட்பார், ஏதோ நான் ஒளித்துவைத்த மாதிரி.

ஒரு பக்கம் கண்ணாடி பதித்த மரப்பெட்டி ஒன்று செய்யச் சொன்னார். அதே சரளையை அடியில் போட்டு, அதே செம்மண்ணை மேலே தட்டி இறுக்கி, ஓரத்துப் பலகையை எடுத்து அந்தப் பக்கத்தைப் பள்ளத்துச் சுவர் போலத் திறந்துவிட்டு, ஓட்டை போட்ட தகர டப்பாவிலிருந்து தண்ணீரை மழையாக விட்டார். மீன் வளர்க்கப்போகிறார் என்று கேலி செய்தேன். செம்மண் மெல்லக் கறுத்துக்கொண்டே இறங்கியது. சரளையைத் தொட்டதும் நின்றுவிட்டது. ஊற்ற ஊற்ற அந்தக் கோட்டுக்கு மேலேயே ஈரம் சேர்ந்தது. கீழே தூசி பறக்கும் சரளை. பொடி மண்ணின் சின்னத் துளைகள் தண்ணீரைக் கவ்விக்கொள்ளும், பெரிய சந்துகள் உள்ள சரளைக்கு விட்டுக்கொடுக்காது, கொள்ளுமட்டும் தாங்கும் என்றார் ஓவர்சியர். "கொள்ளாமப் போனா?" என்றேன். அவர் டப்பாவை மறுபடி நிரப்பினார்.

மேஸ்திரியைக் கூட்டிவந்து காட்டினார். அதுதான் வினையாகப் போயிற்று. மேஸ்திரி குனிந்து, திறந்த பக்கம் கையை விட்டுச் சரளையை எடுத்துப் பிசைந்தார். உதிர்ந்தது. "உங்க பெட்டியே எனக்குத்தான் சாட்சி சொல்லுது சார். தொட்டுப் பாருங்க, காஞ்சுதான் கிடக்குது" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். மறுநாள் காலை நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கோட்டில் ஓரிடத்தில் ஒரு சொட்டு தொங்கியது. விழுந்தது. மேலே தேங்கியதெல்லாம் அந்த ஒரே இடத்தின் வழியாக இறங்க, திறந்த பக்கம் பொலபொலவென்று சரிந்தது. ஓவர்சியர் தம்ளரைப் போட்டுவிட்டு ஓடினார்.

பள்ளத்தில் அவரே கூரைகளைப் பிரிக்க ஆரம்பித்த பிறகுதான் சனங்கள் பானை சட்டியோடு மேட்டுக்கு ஏறினார்கள். மேஸ்திரியும் முணுமுணுத்தபடி வந்தார். மேட்டில் காற்று பிய்த்தெடுத்தது, சுவரோ அசையவில்லை. மழையும் விட்டு நல்ல வெயில் அடித்தது. பெட்டிக்குப் பயந்து ஓடியவர் என்று தன் ஆட்களே கேலி பேசவும், மேஸ்திரி வீம்புக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார். ஓவர்சியர் கையைப் பிடித்து இழுத்தும் கேட்கவில்லை. சுவரில் உள்ளங்கையைத் தேய்த்து எங்கள் பக்கம் விரித்துக் காட்டினார். வெறும் தூசி. நாங்கள் மதியச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது சுவர் வந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. மேஸ்திரியைத் தோண்டி எடுத்தபோது உயிர் இல்லை. அவரைச் சுற்றியிருந்த சரளை சொதசொதவென்று நனைந்திருந்தது.

"முடிவு தெரியறதுக்கு முன்னாடி காட்டிட்டேன்பா" என்று ஓவர்சியர் அதற்கப்புறம் புலம்பிக்கொண்டே இருந்தார். பெட்டியை உடைத்துப்போட்டார். மாற்றலாகிப் போகும்போது கண்ணாடியை மட்டும் என்னிடம் கொடுத்தார்.

இப்போது ஓசூரில் எங்கள் தெருக்கோடியில் ஏதோ கம்பெனிக்காக ஒரு மேட்டை வெட்டி நிறுத்தியிருக்கிறார்கள். மேலே செம்மண், கீழே சரளை, அதன் அடியில் ஒரு டீக்கடை. கடைக்காரர் பெண்டாட்டி பிள்ளைகளோடு பின்னாலேயே குடியிருக்கிறார். ஒரு வாரமாக மழை. நேற்று அவரிடம் இடத்தை மாற்றச் சொன்னேன். அவர் பாய்லரைத் துடைத்தபடி, "தொட்டுப் பாருங்க சார், காஞ்சுதான் கிடக்குது" என்றார். தொட்டேன். காய்ந்துதான் இருந்தது. இன்று காலை மேசையைக் காலிசெய்து கண்ணாடியைத் துணியில் சுற்றினேன். ஓவர்சியரால் பாதியைத்தான் காட்ட முடிந்தது. அதற்கப்புறம் நடந்த மீதிக் கதை என்னிடம் இருக்கிறது. குடையோடு வாசலுக்கு வந்து நிமிர்ந்தால், அன்று போலவே மழை விட்டு நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நான் கிழட்டுக் கால்களை எட்டிப் போட்டேன்.