அவளுக்கு நோய் இல்லை

என் மனைவி இறந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. துக்கம் விசாரிக்க வருபவர்கள் அவளை இரண்டு சொற்களில் முடித்துவிடுகிறார்கள்: அமைதியானவர், அடங்கி நடந்தவர். முதலாவதை ஒருவாறு ஏற்கலாம். இரண்டாவது உண்மையன்று. அதை மறுப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அவள் பாடி அணிவதை நிறுத்தினாள். இச்சொல்லை அச்சில் காணக் கூசும் கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். ஆயினும் முப்பது ஆண்டுகள் கல்லூரியில் தர்க்கம் கற்பித்தவன். மழுப்பலான சொல்லால் எழுதப்பட்ட விடைக்கு மதிப்பெண் கொடுத்ததில்லை. ஆகவே பாடி என்றே எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் ரிச்சர்ட்ஸ் டவுனில் குடியிருந்தோம். பிரேசர் டவுனில் இருந்த ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் அவள் கணக்கு ஆசிரியை. அங்கே ஆசிரியைகள் முழங்கை மறைக்கும் ரவிக்கையும் அதனுள்ளே பாடியும் அணிய வேண்டும் என்பது விதி. பாடி என்பது தடித்த லாங் கிளாத் துணியில் தைத்த உள்ளாடை. முன்புறம் ஆறு பொத்தான்கள், விலா எலும்பின் கீழே விரல் நுழையாத ஒரு பட்டை. பன்னிரண்டாம் வயதில் மிஷன் விடுதியில் அதை அவளுக்கு மாட்டினார்கள். அதற்கு முன்பெல்லாம் பதினாறாம் வாய்ப்பாட்டை ஒரே மூச்சில் சொல்லிவிடுவாளாம். பிறகு இரண்டு மூச்சு தேவைப்பட்டது என்று ஒருமுறை சொன்னாள். நான் அதை ஒரு வேடிக்கையாகக் கேட்டுக்கொண்டேன்.

ஒரு கோடை விடுமுறையில் அந்தப் பட்டைக்குக் கீழே வேர்க்குருவாகத் தொடங்கியது புண்ணாயிற்று. பெண்கள் ஆஸ்பத்திரியின் லேடி டாக்டர் களிம்பு கொடுத்து, இரண்டு வாரம் பாடி கூடாது என்றார். இரண்டு வாரம் முடிந்த மறுநாள் பள்ளி திறந்தது. அவள் பெட்டியிலிருந்து ஒரு பாடியை எடுத்தாள், பார்த்தாள், திரும்ப மடித்து உள்ளே வைத்தாள். நான் சவரம் செய்துகொண்டிருந்தேன்.

"ஏன், இன்னும் ஆறலையா?"

"ஆறிடுச்சு."

அன்று பாடி இல்லாமலே பள்ளிக்குப் போனாள்.

கண்ணால் பார்த்து எவரும் கண்டுபிடித்திருக்க முடியாது. அவள் உடுத்தும் முறை அப்படி. செய்தி வெளியானது சலவைத் துணியால். ஜீவனஹள்ளியிலிருந்து வரும் சலவைக்காரி வியாழக்கிழமைதோறும் வாசற்படியில் உட்கார்ந்து, தெருவுக்கே கேட்கும்படி உருப்படிகளை எண்ணி எடுப்பாள்.

"ரவிக்கை ஆறு, பாவாடை ஆறு. பாடி எங்கம்மா? மூணு வாரமா வரலையே. அப்புறம் நான் தொலைச்சுட்டேன்னு எம்மேல போடாதீங்க."

"நீ ஒண்ணும் தொலைக்கலை. நான் போடறதை விட்டுட்டேன்."

"அய்யே, எங்களாட்டமா?"

"உங்களாட்டந்தான்."

"அட, அப்ப நல்லா மூச்சு உடலாம் போ! எனக்கும் ஆறு உருப்படி மிச்சம்." அவள் சிரித்த சிரிப்பு உள்ளே படித்துக்கொண்டிருந்த எனக்குக் கேட்டது. அதே சலவைக்காரிதான் தலைமையாசிரியை வீட்டுக்கும் வெளுத்தாள். அவள் கெட்ட எண்ணத்தோடு சொன்னதாக நான் நினைக்கவில்லை. நல்ல செய்தி என்றே சொல்லியிருப்பாள்.

தலைமையாசிரியை மிஷனில் வளர்ந்தவர், மணமாகாதவர், என் மனைவியைவிடப் பத்து வயது மூத்தவர். பள்ளியில் எல்லோரும் அவரை அக்கா என்பார்கள். அவர் என் மனைவியை அழைத்து இரண்டு வழிகள் சொன்னார்: விதிப்படி அணிய வேண்டும், அல்லது வேலையை விட வேண்டும். பிறகு, பிரியத்தினால், மூன்றாவது ஒன்றையும் சொன்னார். உடம்புக்கு ஆகாது என்று டாக்டரிடம் ஒரு சீட்டு வாங்கி வந்தால், தாம் கண்டுகொள்ளாமல் இருந்துவிடுவதாக. என் மனைவி சீட்டு கொண்டுவர மறுத்துவிட்டாள்.

"எதுக்கு இந்த வீம்பு? ஒரு காகிதந்தானே?" என்றேன் அன்று மாலை.

"எனக்கு நோவு இல்லைங்க. புண்ணு வந்தாத்தான் கழட்டலாம்னா, அது துணியா, விலங்கா?"

"காரணம்னு ஒண்ணு சொல்லணுமே."

"பிடிக்கலை. அது காரணம் இல்லையா?"

இல்லை என்றே எண்ணினேன். பிடிக்கவில்லை என்பது ஒரு மனநிலை. அதைக் கொண்டு எதையும் நிறுவ இயலாது. அவளுக்கு அந்த வகுப்பறை எவ்வளவு வேண்டும் என்பதை மட்டும் அறிந்திருந்தேன். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. ஆகவே அவளிடம் சொல்லாமல் நானே அந்த லேடி டாக்டரிடம் சென்றேன். மார்பில் பலவீனம், இறுக்கமான ஆடை ஆகாது என்று ஒரு சீட்டு பெற்று, உறையிலிட்டுத் தலைமையாசிரியையின் கையில் கொடுத்தேன். விதி பிழைத்தது, வேலை பிழைத்தது, அவள் விருப்பமும் பிழைத்தது. மிக நேர்த்தியான தீர்வு என்று பத்து நாட்கள் மகிழ்ந்திருந்தேன்.

தலைமையாசிரியை நேர்மையான பெண்மணி. சீட்டு வந்ததும் அதற்குரிய சலுகைகளைச் செய்தார். கரும்பலகையருகே நாற்காலி போடச் செய்தார். டிரில் வகுப்பை வேறொருவருக்கு மாற்றினார். டீச்சருக்கு உடம்பு சரியில்லை, சத்தம் போடாதீர்கள் என்று பிள்ளைகளை எச்சரித்தார். பதினோராம் நாள் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஒரு புட்டியில் பார்லித் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"எங்கம்மா குடுத்தாங்க டீச்சர். நீங்க கிறிஸ்மஸ் டிராமாவுக்கு முன்னாடியே செத்துடுவீங்களா?"

மாலையில் அந்தப் புட்டி என் புத்தகங்களுக்கு நடுவே வந்து நின்றது.

"எனக்கு என்ன வியாதி? சொல்லுங்க, நானும் தெரிஞ்சுக்கறேன்."

சொன்னேன். அவள் குரலை உயர்த்தவில்லை. "ஒரு வார்த்தை கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன். அதனாலதான் கேக்கலை, இல்லையா?" என்றாள். பிறகு, "நாளைக்கு நீங்களும் வரணும். நீங்க குடுத்ததை நீங்களே திருப்பி வாங்குங்க."

மறுநாள் காலை தலைமையாசிரியையின் அறையில் மூவரும் இருந்தோம். சுவரில் பாலஸ்தீனத்தின் வரைபடம் ஒன்று தொங்கியது. அந்த அரைமணி நேரத்தில் யோர்தான் நதியை நான் நன்றாகத் தெரிந்துகொண்டேன்.

"சீட்டு இருந்துட்டுப் போகட்டுமே. யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார் அவர்.

"பொய்யா இருக்கே, அக்கா. பிள்ளைங்க என்னைச் சாகப்போறவளைப் பாக்கற மாதிரி பாக்குதுங்க."

"பன்னண்டு வயசுலேருந்து நானுந்தான் போடறேன். நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"கழட்டிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

அவர் முகம் சிவந்தது. "படிச்சவ பேசற பேச்சா இது? கல்லு சொமக்கற பொம்பளைக்கும் நமக்கும் ஒரு வித்தியாசம் வேண்டாமா?"

"எங்கம்மா கல்லு சொமந்தவங்கதான். அவங்க பாடி போட்டதே இல்லை. அவங்க சொமந்ததாலதான் நான் இந்த நாற்காலி வரைக்கும் வந்தேன். வித்தியாசம் வேணும்னா என் கணக்கைப் பாருங்க. பன்னண்டு வருஷத்துல எத்தனை பொண்ணுங்க பெயில் ஆச்சு?"

தலைமையாசிரியை என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க பெரிய படிப்பு படிச்சவங்க. நீங்க சொல்லுங்க. அவங்களுக்கு உடம்புக்கு ஏதாவது இருக்கா, இல்லையா?"

ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்றையே சொல்ல இடந்தரும் வினா. அத்தகைய வினாக்களை ஆண்டுக்கணக்காக மாணவர்களிடம் கேட்டவன் நான். இல்லை என்றால் அவள் வேலை போய்விடும். ஆம் என்றால் அவள் போய்விடுவாள் என்று தோன்றியது. "வெயில் காலத்தில் சற்று..." என்று தொடங்கினேன், முடிக்கவில்லை. என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. மேசைமேல் கிடந்த சீட்டை எடுத்து நான்காகக் கிழித்துத் தலைமையாசிரியையின் மைக்கூட்டருகே வைத்தாள்.

"எனக்கு ஒரு வியாதியும் இல்லை, அக்கா. எனக்கு அது வேண்டாம். அவ்வளவுதான்."

மாதக் கடைசியில் அவள் வேலை முடிந்தது. உடல்நலக் குறைவால் விலகினார் என்று பள்ளியின் பதிவேட்டில் எழுதினார்கள். அதுவும் பிரியத்தினால்தான். அவள் நேரில் போய் அதைத் திருத்தும்படி கேட்டாள். திருத்தவில்லை.

பின்னர் நகரின் பழைய பகுதியான பேட்டையில், கன்னடம் பேசும் பெண்களுக்கான சிறு பள்ளியொன்றில் வேலை தேடிக்கொண்டாள். கன்னடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். பாடியைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒளிக்காமல் சொல்லியிருப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் ஆராதனையில் சில பெண்கள் எங்கள் வரிசையைவிட்டு முன்னால் போய் உட்கார்ந்தார்கள். அவள் முன்னிலும் உரக்கப் பாடினாள். அவளுக்கு அவ்வளவு மூச்சு இருந்ததை நான் அப்போதுதான் அறிந்தேன். பெட்டியிலிருந்த ஆறு பாடிகளும் கரித்துணியாயின. அன்று தலைமையாசிரியையின் அறையில் நான் பாதியில் விட்ட வாக்கியத்தைப் பற்றி, பதினேழு ஆண்டுகளில் ஒருநாளும் அவள் பேசவில்லை. பேசியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். அந்த வாய்ப்பை அவள் எனக்குத் தரவில்லை. நானாக உண்டாக்கிக்கொள்ளவும் இல்லை.

நான்கு நாள் காய்ச்சலில் அவள் போனாள். ஐந்தாம் நாள் காலை, உடலைக் குளிப்பாட்டி உடுத்துவதற்குச் சபையின் பெண்கள் மூவர் வந்தார்கள். எங்கள் வழக்கப்படி அப்போது ஆண்கள் வெளியே போய்விட வேண்டும். மூவரில் மூத்தவர் அந்தத் தலைமையாசிரியை. ஓய்வு பெற்று, கைத்தடி ஊன்றி வந்திருந்தார். வரும்போதே அழுதிருந்தார். அவர் பிரித்த வெள்ளைத் துணி மூட்டையில் புதுச் சேலையும் ரவிக்கையும் இருந்தன. அவற்றின்மேல், கஞ்சி போட்டுத் தேய்த்த ஒரு பாடி.

"அது வேண்டாம்" என்றேன்.

"கடைசி நாள் சார். சபையே வந்து பாக்கும். மரியாதையா அனுப்பணும். உள்ள இருக்கறது யாருக்குத் தெரியப் போகுது?"

"அவளுக்குத் தெரியும்."

"சார், இந்த நேரத்துல போயி..."

"அன்னிக்கு ஆபீஸ்ல நீங்க என்னை ஒண்ணு கேட்டீங்க. நான் பதில் சொல்லலை. இப்ப சொல்றேன். அவளுக்கு ஒரு வியாதியும் இல்லை. அவளுக்கு அது பிடிக்கலை. அது எனக்குப் போதும், உங்களுக்கும் போதணும்."

மற்ற இருவரும் தரையைப் பார்த்தார்கள். வெளியே வராந்தாவில் குருவானவர் இருமினார். அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். கேட்கட்டும் என்றே பேசினேன். "பதினேழு வருஷம் கழிச்சு வாய் தொறக்கறீங்க" என்றார் தலைமையாசிரியை. அது உண்மை, ஏற்றுக்கொண்டேன். அவர் அந்தப் பாடியை எடுத்துத் தம் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"சரி, நீங்க வெளியே போங்க சார். நாங்க பாத்துக்கறோம்."

நான் போகவில்லை. அவர்கள் பக்கம் முதுகைத் திருப்பி, கதவுக்கு உட்புறமாக நின்றேன். பின்னால் தண்ணீர் ஊற்றும் ஓசையும், பிறகு சேலை மடிப்புகளின் ஓசையும் கேட்டன. ரவிக்கையின் கடைசி ஊக்கு மாட்டியாயிற்று என்று அவர்கள் சொல்லும்வரை, வழக்கம் என்ன சொன்னாலும், அந்த இடத்தைவிட்டு நான் நகரவில்லை.