இன்றைய தேதி போட்ட பழைய செய்தி

நான் அறந்தாங்கியில் நாளிதழ் நிருபராக இருந்தபோது, மணமேல்குடியிலிருந்து கடலுக்குப் போன மீனவர் ஒருவர் திரும்பவில்லை. படகு மட்டும் கிடைத்தது. அவர் மனைவியிடம் பேசிவிட்டு, 'மாயமான மீனவரைத் தேடும் பணி தீவிரம்' என்று எழுதினேன். எங்கள் தொழிலில் எல்லாத் தேடலும் தீவிரம்தான். உண்மையில் ஊர்க்காரர்களே படகெடுத்துப் போய்விட்டு வெறுங்கையோடு வந்தார்கள்.

பிறகு பத்திரிகையை மூடிவிட்டார்கள். வேலை போனாலும் வாய் சும்மா இருக்குமா? வளைகுடாவிலிருக்கும் எங்கள் பக்கத்து ஆட்களுக்காக ஃபேஸ்புக்கில் ஒரு குரூப் தொடங்கினேன். மழை, கல்யாணம், சாவு எல்லாம் அதில்தான். அங்கே கூடிய கூட்டத்தைப் பார்த்துத்தான் சென்னைச் செய்தி இணையதளம் ஒன்று என்னைக் கூப்பிட்டது. 'கன்டென்ட் ஸ்ட்ராடஜிஸ்ட்' என்று பதவி. வீட்டில் யார் வாயிலும் நுழையவில்லை. எதைப் போட்டால் ஆள் வருவான் என்று பார்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

என் பழைய பத்திரிகையின் செய்திகளையும் அவர்கள் வாங்கி வைத்திருந்தார்கள். அதில் நன்றாக ஓடக்கூடியதை எடுத்து, இன்றைய தேதி போட்டு மேலே ஏற்றுவார்கள். 'ரெஃப்ரெஷ்' என்று அதற்குப் பெயர். ஊசிப்போன குழம்பைச் சூடு பண்ணுகிறீர்கள் என்று மீட்டிங்கில் சொன்னேன். சிரித்தார்கள். சூடு பண்ணுவதை நிறுத்தவில்லை.

போன மாதம் அந்த மீனவர் செய்தியும் அப்படி மேலே வந்தது. யாரோ அதை என் குரூப்பிலேயே போட, அந்த மீனவர் மனைவியின் தம்பி துபாயிலிருந்து பார்த்து அக்காவுக்கு அனுப்பிவிட்டான். காலையில் அந்த அம்மாளிடமிருந்து எனக்குப் போன் வந்தது.

"அண்ணே, திரும்பத் தேடுறாங்களாம்ல? எங்கிட்டுத் தேடுறாங்க?"

"அது பழைய சேதிதாம்மா."

"இல்லண்ணே, இன்னைக்கித் தேதி போட்ருக்கே. ஒங்க பேருதானே இருக்கு?"

விசாரித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டு, சென்னையிலிருக்கும் ஆசிரியரைக் கூப்பிட்டு உடனே அதை எடுக்கச் சொன்னேன்.

"நல்லாப் போயிட்டிருக்கு சார். சாயங்காலம் பாப்போமே" என்றார்.

வாய்க்கு வந்தபடி திட்டினேன். அப்போதும் செய்தி அங்கேயேதான் இருந்தது. மறுபடி அந்த அம்மாளைக் கூப்பிட்டு, யாரும் தேடவில்லை, தேதி மட்டும்தான் புதிது என்று உடைத்துச் சொன்னேன்.

"எல்லாருஞ் சொல்றாகளேன்னு போன வாரந்தாண்ணே தாலியக் கழட்டுனேன். காலையில இதப் பாத்துட்டுத் திரும்பப் போட்டுக்கிட்டேன்."

அவளே கேட்டாள்.

"அப்பக் கழட்டிரவாண்ணே?"